ஹிதாயாவும் அப்ரிகொட்டும்
மத்திய ஆசியப் பழக்காடுகளின் வரலாறு குறித்துச் சில எண்ணங்கள்

முகலாய ஆட்சியை நிறுவிய ஸஹீருத்தீன் முஹம்மத் பாபர் தனது நினைவுக் குறிப்பான பாபர்நாமாவின் தொடக்கத்தில், தான் பிறந்து வளர்ந்த பர்கானாப் பள்ளத்தாக்கை ஊர் ஊராக விவரித்துச் செல்கிறார். அவ்வரிசையில் மர்கினான் என்றோர் ஊர் வருகிறது. இன்றைய உஸ்பெகிஸ்தானில் மர்கிலான் என அழைக்கப்படுவது அதுவே. அவ்வூரைப் பற்றி அவர் எழுதியிருப்பது சில வரிகள் மாத்திரமே. அச்சில வரிகளுக்குள் இரண்டு விடயங்கள் அருகருகே அமர்ந்திருக்கின்றன. ஒன்று, அங்கு விளையும் மாதுளையும் அப்ரிகொட்டும். மற்றது, ஹனபி சட்டத்துறையின் பெருநூலான ஹிதாயாவை இயற்றியவர் மர்கினானைச் சேர்ந்த ரிஷ்தான் என்னும் கிராமத்தவர் என்ற தகவல்.

1197இல் மறைந்த புர்ஹானுத்தீன் அல்மர்கினானியின் அந்நூல், எட்டு நூற்றாண்டுகளாகக் கையால் பிரதி செய்யப்பட்டும், உரை எழுதப்பட்டும், அச்சேறியும் வந்துள்ளது. 1791இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஒரு நகரம் எரிந்தாலும், ஒரு நூலகம் அழிந்தாலும் இனி அந்நூல் உலகிலிருந்து மறைவதற்கு இடமில்லை. ஆனால் அதே பக்கத்தில் பாபர் பெயர் சொல்லிப் புகழ்ந்த அப்ரிகொட்? அதற்கும் பிரதி எடுப்பவர்கள் இருந்தார்கள். அவர்கள் எழுத்தர்களல்லர், தோட்டக்காரர்கள். அவர்கள் எழுதிய ஏடு காகிதமல்ல, மரம். ஒரு தலைமுறை பிரதி எடுக்க மறந்தால் அந்த ஏடு உளுத்து விழுந்துவிடும். பெயர் மாத்திரம் பாபரின் பக்கத்தில் எஞ்சியிருக்கும்.

புகாரா, ஸமர்கந்து, திர்மித், மர்கினான் ஆகிய பெயர்களை நாம் நூல்களின் ஊர்களாகவே அறிந்து வந்திருக்கிறோம். அவை உலகின் மிகப் பழைய பழத்தோட்டங்களின் ஊர்களும்கூட. அத்தோட்டங்களுக்கு மேலே, தியான்ஷான் மலைச்சரிவுகளில், மனிதன் நடாத அப்பிளும் அக்ரூட்டும் பிஸ்தாவும் காடாக நிற்கின்றன. அக்காடுகள் என்ன ஆயின, அவற்றைக் காக்க முனைந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாபரின் பழங்கள்

பாபரை வாள் ஏந்தியவராகவும் கவிஞராகவும் அறிந்தவர்கள், அவர் பழங்களைப் பற்றி எழுதிய இடங்களை வாசித்தால் வியப்படைவார்கள். அந்திஜானின் பேரி, கோஜந்தின் மாதுளை, ஸமர்கந்தின் அப்பிள் என ஒவ்வோர் ஊரையும் அதன் பழத்தால் அடையாளப்படுத்துகிறார். மர்கினானின் மாதுளையில் ஒரு வகைக்குப் 'பெரிய மணி' எனப் பொருள்படும் தானாயே கலான் என்று பெயர். அங்குள்ள அப்ரிகொட்டின் கொட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாதாம் பருப்பை வைத்துக் காயவைப்பார்களாம். அதற்கு ஸுப்ஹானி என்று பெயர். இவையெல்லாம் ஓர் அரசனின் கணக்கேட்டில் இடம்பெறும் விபரங்களல்ல. ஊரை இழந்தவனின் நினைவில் தங்கும் விபரங்கள்.

அவர் ஊரை இழந்தவர்தான். 1494இல் பன்னிரண்டாவது வயதில் பர்கானாவின் அரியணை ஏறியவர், உஸ்பெக்குகளிடம் தோற்றுக் காபூலுக்கு வந்தார். காபூலிலும் சும்மா இருக்கவில்லை. ஆலுபாலு எனப்படும் புளிப்புச் செர்ரியின் தடிகளைத் தருவித்து நட்டார். பின்னர் ஆக்ராவில் அமர்ந்தபோது, பல்கிலிருந்து வந்த தோட்டக்காரர் ஒருவரைக் கொண்டு முலாம்பழம் பயிரிட்டார், திராட்சையும் வளர்த்தார். அவை விளைந்தபோது அவருக்கு ஏற்பட்ட நிறைவை நினைவுக் குறிப்பிலே காணலாம். மறைவதற்கு ஏறத்தாழ இரண்டு வருடங்களுக்கு முன்னர், 1529இல், காபூலிலிருந்த தனது பழைய தோழருக்கு எழுதிய மடலில், தனக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு முலாம்பழத்தை வெட்டியபோது அழுதுவிட்டதாகச் சொல்கிறார்.

இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு பழம் அதன் ஊரைவிட்டு இன்னோர் ஊருக்குச் செல்வதாயின், அதைச் சுமந்து செல்ல ஒரு மனிதன் வேண்டும். முலாம்பழத்துக்கு விதை போதும். மாதுளைக்கும் அப்பிளுக்கும் விதை போதாது. ஏன் போதாது என்பதில்தான் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

விதையும் ஒட்டும்

எமது வளவில் கறுத்தக்கொழும்பான் மாங்கன்று வைக்க விரும்புகிறவர், அது ஒட்டுக்கன்றா என்று கேட்ட பின்னரே வாங்குகிறார். விதை போட்டு வளர்த்த மரம் தாய் மரத்தின் சுவையைத் தரும் என்று நம்பியிருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அப்பிளில் இது இன்னும் கடுமையானது. அப்பிள் மரம் தனது சொந்த மகரந்தத்தால் பெரும்பாலும் காய்ப்பதில்லை. இன்னொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். ஆகையினால் ஒவ்வொரு விதையும் ஒரு புதிய கலவை. ஒரே பழத்துக்குள் இருக்கும் ஐந்து விதைகளை ஊன்றினால் ஐந்து வேறுபட்ட மரங்கள் வரும். ஒன்று புளிக்கும், ஒன்று துவர்க்கும், ஒன்று கோலிக்குண்டு அளவில் காய்க்கும். அபூர்வமாக ஒன்று தாயைவிடச் சிறந்து விளங்கும்.

அவ்வாறு சிறந்த மரம் ஒன்று கிடைத்துவிட்டால் அதைக் காப்பாற்ற இருக்கும் வழி ஒட்டுக்கட்டுதல். வேறொரு கன்றின் தண்டை ஒட்டுக்கட்டையாக வைத்து, விரும்பிய மரத்தின் சிறு கிளையை அல்லது அரும்பை அதில் பொருத்திக் கட்டுகிறார்கள். வளர்ந்து வருவது பழைய மரத்தின் பிள்ளையல்ல, அதே மரம்தான், வேறொரு காலில் நிற்கிறது. இக்கலை மிகப் பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், 'கிதாபுல் பிலாஹா' என்ற தனது வேளாண்மை நூலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பழமரங்களைப் பற்றியும் அவற்றை ஒட்டுக்கட்டும் முறைகளைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறார். மத்திய ஆசியாவின் தோட்டக்காரர்களோ நூல் எழுதவில்லை. தகப்பன் மகனுக்குக் கத்தியைக் கையில் கொடுத்துக் காட்டிக்கொடுத்தார்.

ஒட்டும் விதையும் எதிரெதிரான இரண்டு பணிகளைச் செய்கின்றன. ஒட்டு, இருப்பதை மாறாமல் காக்கிறது. விதை, இல்லாத ஒன்றை உருவாக்குகிறது. தோட்டம் ஒட்டினால் வாழ்கிறது, காடு விதையினால் வாழ்கிறது. தோட்டத்திலே ஒரே வகையான மரங்கள் ஆயிரம் நிற்கும்போது, ஒரு புதிய நோய் வந்தால் ஆயிரமும் ஒன்றாக விழும். ஏனெனில் பரம்பரையலகுகளின் கணக்கில் அவை ஆயிரம் மரங்களல்ல, ஒரே மரம். காட்டில் ஆயிரம் மரங்கள் நின்றால் அவை ஆயிரம் விதமானவை. அவற்றுள் சில அந்நோயைத் தாங்கி நிற்கும். பரம்பரையலகுப் பல்வகைமை என்று அறிவியலாளர் பேசுவது இதைத்தான்.

அப்பிளின் தாய்க்காடு

காஸகஸ்தானின் பழைய தலைநகர் அல்மாட்டி. அப்பெயரில் இருக்கும் 'அல்மா' என்ற துருக்கியச் சொல்லுக்கு அப்பிள் என்று பொருள். 1854இல் ரஷ்யர்கள் அங்கு கோட்டை கட்டி வேர்னி எனப் பெயரிட்டனர். 1921இல் அல்மா-அத்தா எனப் பெயர் மாற்றப்பட்டது. நகரத்தின் தெற்கே எழும் மலைச்சரிவுகளில் காட்டு அப்பிள் மரங்கள் வளர்கின்றன. ஐரோப்பியத் தாவரவியலாளருள் அவற்றை முதலில் கண்டு எழுதியவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பக்கம் பயணம் செய்த யொஹான் ஸீவர்ஸ். இன்று அம்மரம் ஸீவர்ஸ் அப்பிள் என்றே அறியப்படுகிறது.

1929இல் சீனாவின் மேற்குப் புறத்திலிருந்து மலைகளைக் கடந்து அந்நகருக்கு வந்தார் நிகொலாய் வவிலொவ். ரஷ்யாவின் மிகப் பெரிய தாவர அறிவியலாளர் அவர். உலகின் பயிர்கள் எல்லாம் ஒருசில மையங்களிலிருந்தே பரவின என்றும், ஒரு பயிரின் பல்வகைமை மிகுந்து காணப்படும் இடத்திலேயே அதன் பிறப்பிடத்தைத் தேட வேண்டும் என்றும் 1926இல் எழுதியவர். அல்மா-அத்தாவைச் சூழவிருந்த காட்டில், கடையில் விற்கத்தக்க பழங்களும், வாயில் வைக்க முடியாத பழங்களும், சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒரே சரிவில் கலந்து நிற்பதை அவர் கண்டார். உலகத்து அப்பிளின் பிறப்பிடம் இதுவே என்ற முடிவுக்கு அவர் வந்தது இக்காட்சியினால்தான்.

அவரது ஊகம் சரியென்பது உறுதிப்பட எண்பது வருடங்கள் சென்றன. 2010இல் அப்பிளின் முழுப் பரம்பரையலகுத் தொகுதியும் வாசிக்கப்பட்டபோது, தோட்ட அப்பிளின் முதன்மை மூதாதை ஸீவர்ஸ் அப்பிளே என்பது தெளிவாயிற்று. 2012இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, அது மேற்கு நோக்கிச் சென்ற வழியில் ஐரோப்பியக் காட்டு அப்பிளோடும் நிறையக் கலந்தது என்று காட்டியது. அவ்வழி பட்டுப்பாதை. பயணிகள் தின்று எறிந்த விதைகளும், குதிரைகளின் சாணத்தில் கலந்து சென்றவையும் வழி நெடுக முளைத்தன.

அக்ரூட்டின் கதை இன்னும் சுவையானது. நாம் வால்நட் என்று கடையில் கேட்டு வாங்கும் அக்கொட்டை பற்றி 2015இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஆசியாவின் பல நாடுகளில் நிற்கும் அக்ரூட் மரங்களின் பரம்பரையலகுகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அவற்றை அங்கு வாழும் மக்களின் மொழிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மரங்களின் உறவுமுறைக்கும் மொழிகளின் உறவுமுறைக்கும் இடையே பல இடங்களில் பொருத்தம் காணப்பட்டது. வணிகர் கூட்டம் சென்ற வழியில் சொல்லும் கொட்டையும் ஒரே பொதியில் சென்றிருக்கின்றன. காடு என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, மறக்கப்பட்ட மனிதர்களின் கைவேலை என்பதை இது உணர்த்துகிறது.

லெனின்கிராட்டின் பட்டினி

வவிலொவ் ஐந்து கண்டங்களிலும் விதை தேடியவர். 1940 அளவில் லெனின்கிராட்டில் இருந்த அவரது நிறுவனத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மாதிரிகள் சேர்ந்திருந்தன. அப்பொழுது உலகில் அதைவிடப் பெரிய சேகரிப்பு வேறெங்கும் இருக்கவில்லை. பஞ்சத்தை ஒழிக்க வேண்டுமாயின் உலகின் பல்வகைமையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அவரது நம்பிக்கை. ஆனால் ஸ்டாலினின் ஆட்சிக்கு உடனடி அறுவடை வேண்டியிருந்தது. அதைத் தருவதாக வாக்களித்த லைஸென்கோ, பிறப்புரிமையியலையே மறுத்தார். அதிகாரத்தின் செவி அவர் பக்கம் சாய்ந்தது.

1940 ஆகஸ்ட் 6ஆம் திகதி, மேற்கு உக்ரேனில் செடிகள் சேகரித்துக்கொண்டிருந்த இடத்தில் வவிலொவ் கைது செய்யப்பட்டார். 1941இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மறு வருடம் அது இருபது வருடச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1943 ஜனவரி 26ஆம் திகதி சரத்தொவ் சிறையில், உணவின்மையால் உடல் நலிந்து அவர் இறந்தார். உலகின் பசிக்கு மருந்து தேடியவர் பசியால் மாண்டார். 1955இல் அவர் குற்றமற்றவர் என அரசு அறிவித்தது. இன்று அந்நிறுவனம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் சிறையிலிருந்த அதே காலத்தில் அவரது நிறுவனம் முற்றுகைக்குள் இருந்தது. 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை ஜேர்மன் படைகள் லெனின்கிராட்டைச் சூழ்ந்திருந்தன. நகரில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் இறந்தனர். நிறுவனத்தின் அலுமாரிகளில் அரிசியும் கோதுமையும் சோளமும் கடலையும் தொன் கணக்கில் இருந்தன. ஊழியர்கள் அவற்றைக் காவல் காத்தார்கள், தின்னவில்லை. நிலக்கடலைப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த அலெக்ஸாண்டர் ஷ்சூகின் தனது மேசையிலேயே இறந்தார். நெல் வகைகளைப் பேணிய திமித்ரி இவானொவ், ஆயிரக்கணக்கான அரிசிப் பொதிகளின் நடுவே பட்டினியால் இறந்தார். அவர்களைப் போல் இன்னும் பலர். சோறு தின்னும் எமக்கு இவானொவின் மரணத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தியாகத்தைப் புகழ்வது எளிது. ஆனால் அதிலிருந்து கேட்க வேண்டிய கேள்வி வேறு. பல்வகைமையைக் காப்பதற்குச் சிலர் உயிரைக் கொடுக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? ஒரே பயிர், ஒரே முறை, ஒரே உண்மை என்று நினைக்கும் அதிகாரம், வேறுபாடுகளைச் சேர்த்து வைப்பவனை எப்பொழுதும் சந்தேகத்துடனேயே பார்க்கிறது. அரசியலில் மாத்திரம் நாம் கண்ட விடயமல்ல இது. தோட்டத்திலும் அதுவே நடந்தது.

நகரம் தின்ற காடு

1865இல் வேர்னிக்குக் குடியேறிய ரஷ்ய விவசாயி ஒருவர் வொரொனெஜ் பகுதியிலிருந்து அபோர்ட் என்னும் அப்பிள் வகையைக் கொண்டு வந்தார். உள்ளூர்க் காட்டு அப்பிளை ஒட்டுக்கட்டையாக்கி அதன்மீது கட்டியபோது, பிறந்த ஊரில் காய்த்ததைவிடப் பெரிய பழங்களைத் தந்தது. குழந்தையின் தலை அளவு என்று இன்றும் சொல்வார்கள். அபோர்ட் அந்நகரின் பெருமையாயிற்று, சோவியத் ஒன்றியம் எங்கும் பெயர் பெற்றது. அப்பழத்தைத் தாங்கி நின்ற வேர், பெயரில்லாத காட்டு மரத்தினுடையது என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

பின்னர் நடந்தது ஒரு துயரமான முரண். தோட்டங்களுக்காகக் காடு வெட்டப்பட்டது. தோட்டங்களையும் காட்டையும் சேர்த்து நகரம் விழுங்கியது. விடுமுறை வீடுகளும் வீதிகளும் சரிவுகளில் ஏறின. அப்பிளால் பெயர் பெற்ற நகரம் வளர வளர, அப்பிள் மலையின் மேற்பகுதிக்குப் பின்வாங்கியது. எஞ்சிய காட்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்து உண்டு. தோட்டத்து மரங்களின் மகரந்தத்தைத் தேனீக்கள் காட்டுக்குக் கொண்டு செல்கின்றன. மரங்கள் நிற்கின்றன, காடு காடாகவே தெரிகிறது. ஆனால் புதிதாக முளைப்பவை கலப்பினங்கள். மூலப்பிரதியில் பின்வந்தவர்கள் இடைச்செருகல் செய்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பது இலக்கிய வாசகர்களுக்குத் தெரியும்.

எல்லைக்கு அப்பால் சீனாவின் இலி பள்ளத்தாக்கிலும் ஸீவர்ஸ் அப்பிள் காடுகள் உள்ளன. 1990களில் வேறு மாகாணத்திலிருந்து தருவிக்கப்பட்ட தோட்டக் கன்றுகளோடு தண்டைத் துளைக்கும் வண்டு ஒன்று அங்கு வந்து சேர்ந்தது. இலட்சக்கணக்கான ஆண்டுகளாக அந்த வண்டை அறியாதிருந்த மரங்கள் பட்டுப்போயின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிர்கிஸ்தானில் 'கிசில் அல்மா', அதாவது சிவப்பு அப்பிள், என்று ஒரு மரம் உண்டு. தோல் மாத்திரமல்ல, உள்ளே சதையும் சிவப்பு. பூ இளஞ்சிவப்பு. தாவரவியலாளர் அதை நீட்ஸ்வெட்ஸ்கி அப்பிள் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்குச் சென்ற அம்மரத்தின் சந்ததி, இன்று மேற்கத்திய நாடுகளின் பூங்காக்களில் அழகு மரமாகப் பூத்து நிற்கிறது. 2009இல் வெளியான மத்திய ஆசிய மரங்களின் சிவப்புப் பட்டியல், கிர்கிஸ்தான் காடுகளில் அவ்வகை மரங்கள் 111 மாத்திரமே அறியப்பட்டிருப்பதாகக் கூறியது. அப்பட்டியலில் அழியும் அபாயத்தில் இருப்பதாகக் குறிக்கப்பட்ட மர இனங்கள் 44. அப்பிளும் அப்ரிகொட்டும் பாதாமும் அவற்றில் அடக்கம்.

அர்ஸ்லான்பாபின் கொட்டைகள்

கிர்கிஸ்தானின் தெற்கே, ஜலால்-ஆபாத் மாகாணத்தில் அர்ஸ்லான்பாப் என்றொரு ஊர் உண்டு. உலகிலேயே மிகப் பெரிய இயற்கை அக்ரூட் காடுகள் அதைச் சூழவே உள்ளன. அவ்வூரின் பெயருக்கு ஒரு கதை சொல்கிறார்கள். பூமியில் சுவனத்தையொத்த இடமொன்றைத் தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தோட்டக்காரரை அனுப்பியதாகவும், அவர் நீரும் மலையும் நிறைந்த இப்பள்ளத்தாக்கைக் கண்டதாகவும், ஆனால் இங்கு மரங்களே இல்லாதிருந்ததாகவும், பின்னர் அவருக்கு அனுப்பப்பட்ட ஒரு பை விதைகளை மலையுச்சியில் நின்று அவர் வீசியதாகவும் கதை செல்கிறது. இது ஹதீஸுமல்ல, வரலாறுமல்ல, ஊர்க்கதை. ஆயினும் ஒரு காட்டைப் பார்த்து, இதை யாரோ ஒருவர் கையால் நட்டிருக்க வேண்டும் என்று எண்ணிய மக்களின் கற்பனை கவனத்துக்குரியது. மேலே சொன்ன 2015 ஆய்வு ஒருவகையில் அதற்கு அருகே வந்து நிற்கிறது.

இக்காட்டை முதலில் சூறையாடியவர்கள் ஊரவர்களல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், அக்ரூட் மரத்தின் அடியில் திரளும் முடிச்சுக் கட்டைகள் மேற்கு ஐரோப்பியத் தளபாடங்களுக்காக வெட்டிச் செல்லப்பட்டன. சோவியத் காலத்தில் அரச வனப் பண்ணைகள் காட்டை நிருவகித்தன. நிலக்கரியும் கோதுமையும் வெளியிலிருந்து வந்ததால் மக்களுக்கு விறகும் மேய்ச்சலும் அவ்வளவு தேவைப்படவில்லை. 1991இல் ஒன்றியம் கலைந்தபோது அவ்வரவு நின்றது. பண்ணைகளில் வேலை போயிற்று. மிஞ்சியவை காடும் ஆடுமாடுகளும் மாத்திரமே.

இன்று குடும்பங்கள் காட்டின் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்து, இலையுதிர் காலத்தில் கூடாரம் அடித்துத் தங்கிக் கொட்டை பொறுக்குகின்றன. சிறுவர்கள் மரமேறி உலுக்குவார்கள், பெண்கள் பொறுக்கிச் சேர்ப்பார்கள். பச்சைத் தோலின் சாயம் விரல்களில் கறுப்பாக ஒட்டி வாரக்கணக்கில் போகாது. ஒரு நல்ல வருடத்தின் கொட்டை குளிர்காலத்துக்கான மாவாகவும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவாகவும் மாறுகிறது. பிந்திய உறைபனி பூவைக் கருக்கிவிட்டால் அவ்வருடம் ஒன்றுமில்லை.

காட்டில் நிற்பவை பெரும்பாலும் முதிர்ந்த மரங்கள். கீழே விழும் நல்ல கொட்டைகளை மனிதர் பொறுக்கிவிடுகிறார்கள். தப்பி முளைத்த கன்றுகளை மாடும் ஆடும் கடித்துவிடுகின்றன. எஞ்சியவை வைக்கோலுக்காகப் புல் வெட்டும்போது அரிவாளில் போகின்றன. ஆக, ஒரு மரம்கூட வெட்டப்படாமலே ஒரு காடு அழியலாம். தாத்தாக்கள் மாத்திரம் வாழும் ஊரைப் போல அது அமைதியாக, அழகாக நின்று கொண்டிருக்கும். வேலி அடைத்து மக்களை வெளியேற்றுவது இதற்குத் தீர்வாகாது. அக்காட்டை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். அதை நாளையும் நிற்க வைக்க வேண்டிய காரணம் அவர்களைவிட வேறெவருக்கும் அதிகமில்லை. கன்று முளைக்கும் துண்டுகளைச் சில வருடங்களுக்கு மேய்ச்சலிலிருந்து ஒதுக்கி வைக்க, அவ்வருடங்களில் மாட்டுக்குத் தீனியும் அடுப்புக்கு எரிபொருளும் வேறு வழியில் கிடைக்க வேண்டும். மரப் பாதுகாப்பு என்பது இங்கு அடுப்பங்கரையில் தொடங்குகிறது.

யார் காப்பது?

காப்பதற்கு இன்று பல வழிகள் உள்ளன. காட்டைக் காட்டிலேயே காப்பது முதலாவது. காஸகஸ்தான் 1996இல் இலி-அலாத்தாவ் தேசியப் பூங்காவையும் 2010இல் ஜொங்கர்-அலாத்தாவ் தேசியப் பூங்காவையும் அமைத்தது. 2016இல் மேற்குத் தியான்ஷான் மலைப்பகுதி, மூன்று நாடுகளின் பொது மரபுரிமையாக யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தோட்டப் பழங்களின் காட்டு மூதாதைகள் அங்கு உள்ளமை அதற்கொரு காரணம்.

வெளியே எடுத்துச் சென்று காப்பது இரண்டாவது. காஸக் அறிஞர் அய்மக் ஜங்காலியெவ் தனது நெடிய வாழ்வின் பெரும்பகுதியைக் காட்டு அப்பிளுக்கே கொடுத்தவர். பிறப்புரிமையியல் பேசுவதே ஆபத்தான வருடங்களையும் கடந்து வந்தவர். 1989இல் அவரது அழைப்பின் பேரில் அமெரிக்க அறிவியலாளர்கள் வந்தனர். 1996 வரை நடந்த பயணங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் சேகரிக்கப்பட்டு, நியூயோர்க் மாநிலத்தின் ஜெனீவா நகரிலுள்ள ஆய்வுத் தோட்டத்துக்குச் சென்றன. அவற்றிலிருந்து வளர்ந்த மரங்களில் சில, தோட்ட அப்பிள்களை வருத்தும் சொறி நோயையும் தீக்கருகல் நோயையும் தாங்கி நின்றன. உலகச் சந்தையில் நாளை விற்கப்போகும் பழங்களுக்கு அம்மரங்களின் உதவி தேவைப்படும். அப்பயன் தியான்ஷான் கிராமங்களுக்கு எவ்வளவு திரும்பி வரும் என்ற கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. 1992இன் உயிர்ப் பல்வகைமை உடன்படிக்கையும் 2010இன் நகோயா ஒப்பந்தமும் இக்கேள்விக்கு விடை சொல்லவே எழுந்தவை. அவற்றுக்கு முன்னர் எடுத்துச் செல்லப்பட்டவற்றுக்கு அவை விடை சொல்வதில்லை.

வெளியே வைத்துக் காப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோதுமை விதையைக் குளிரறையில் உறங்க வைக்கலாம். பெயர் பெற்ற ஓர் அப்பிள் வகையை அவ்வாறு விதையாக வைக்க முடியாது, ஏனெனில் விதை வேறு மரமாகிவிடும். அரும்புகளை உறைநிலையில் வைக்கும் முறை உண்டு. இல்லையேல் மரமாகவே நட்டு வைத்திருக்க வேண்டும், மரத்துக்கு நிலம் வேண்டும். வவிலொவ் நிறுவனத்தின் பவ்லொவ்ஸ்க் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான பழ வகைகள் நிலத்தில் நிற்கின்றன. முற்றுகைக் காலத்தில் பட்டினியிலும் காக்கப்பட்ட பாரம்பரியத்தைச் சேர்ந்த அத்தோட்டம், 2010இல் வீடமைப்புத் திட்டத்துக்காக இழக்கப்படும் நிலைக்கு வந்தது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பினால் அது தப்பியது. போரில் தப்பிய மரங்களுக்குக் காணி விலை எமனாக வந்தது.

மூன்றாவது வழியே மிகப் பழையது. சோவியத் அரசு பெரும் நிலங்களைப் பருத்திக்கும் ஒரே வகைத் தோட்டங்களுக்கும் ஒதுக்கியபோது, பழைய பழ வகைகள் ஒதுங்கி வாழ்ந்தது வீட்டுக் கொல்லைகளில்தான். பாட்டிக்குப் பிடித்த அப்ரிகொட், திருமண விருந்துக்கென்று வைத்த மாதுளை, குளிர்காலம் முழுவதும் கெடாதிருக்கும் ஏதோவொரு திராட்சை. இவற்றைக் காத்தவர்கள் தாங்கள் பல்வகைமையைக் காப்பதாக எண்ணியதில்லை. அவர்கள் தமது சுவையைக் காத்தார்கள். 2006இல் ஐந்து மத்திய ஆசிய நாடுகளும் இணைந்து, சர்வதேச உதவியுடன் உள்ளூர்ப் பழ வகைகளைக் காக்கும் திட்டமொன்றைத் தொடங்கியபோது, ஆய்வாளர்கள் போய் நின்றதும் இக்கொல்லைகளின் வாசலில்தான். எந்த வகை எந்த வளவில் இருக்கிறது, யாருக்கு ஒட்டுக்கட்டத் தெரியும் என்று கேட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது.

மீண்டும் மர்கிலானுக்கு வருவோம். ஹிதாயாவின் பிரதியொன்று தொலைந்தால் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். எவருக்கும் தெரியாத ஒரு முதியவரின் கொல்லையில் நிற்கும் ஒற்றை அப்ரிகொட் மரம் விழுந்தால், பாபர்நாமாவைப் பத்து மொழிகளில் அச்சிட்டாலும் அதன் சுவை திரும்பாது. அதைத் தடுக்கத் தேவையானவை ஒரு கூரிய கத்தி, ஒரு கட்டுத்துணி, ஒரு ஒட்டுக்கட்டை, அவற்றோடு அம்முதியவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஓர் இளைஞன். முதல் மூன்றும் எங்கும் கிடைக்கும். நான்காமவன்தான் வேலை தேடி மொஸ்கோவுக்குப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறான்.